எதிரொலிக்காத பீரோ

மணி இரண்டரை. ராத்திரி என்று நினைத்துக்கொண்டு யாரும் இப்போதே நெருங்கி உட்கார வேண்டாம். பகல் இரண்டரை. சித்திரை வெயில்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு சாலை போகிறது. அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நடக்காது. பெட்டிக்கடைக்காரர் கோணியை இறக்கிவிட்டு உள்ளே படுத்திருப்பார். ஆற்று மணலிலிருந்து சூடு கிளம்பி, எதிரே இருக்கும் மரமெல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடும். ராத்திரியைவிட அந்த உச்சிப் பொழுதுதான் மோசம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா... அந்தப் பொழுது.

அந்தச் சாலையில் ஒருவன் மட்டும் வருகிறான். கையில் ஒரு துணிப்பை. பையைத் தொங்கவிடாமல், கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறான்.

பெயர் பூவரசன். நம் மாலை வகுப்பில் ஜோதி இருக்கிறாளே, அவளுடைய பெரியப்பா மகன். மணப்பாறைக்காரன். ஜோதி இன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவளையே சொல்லச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்ன வரிசையிலேயே நான் சொல்கிறேன். ஒரே ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அது வரும்போது சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் இப்போதைக்கு வராது போலிருக்கிறது. மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், சாரல் அடிக்கிறது.

பூவரசனுக்குப் பாட்டுப் பைத்தியம். தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவான். ஆனால் அவன் பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டவர்கள் யாருமில்லை. வீட்டில் முறுக்குத் தொழில். அம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடியே, "அப்புறம் கேக்குறேன்பா" என்பாள். அந்த அப்புறம் வரவே வராது. நண்பர்களுக்குப் போனில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். பாட்டின் நீளத்தைவிடச் சீக்கிரமாக வந்துவிடும்.

திருச்சியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலை கிடைத்தது. மாலையில் போனால் நள்ளிரவு வரை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாக ஒரு மாடி அறை பிடித்தான். கீழே வீட்டுக்காரர் வீரராகவன், தனியாக இருந்தார். மனைவி தவறிவிட்டார். மகள் ஜாஹ்னவி பெங்களூரில். அறையில் ஒரு கட்டிலும், ஒரு பழைய இரும்பு பீரோவும் இருந்தன.

"பீரோ எங்காத்துது. அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும்" என்றார் வீரராகவன். அவ்வளவுதான் சொன்னார். பூட்டவும் இல்லை, திறக்காதே என்று சொல்லவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிவந்த புதிதில் ஒருநாள் மொட்டைமாடியில் காற்றில் விழப்போன வேட்டியைப் பூவரசன் பிடிக்கப் போனான். படியிலிருந்து வீரராகவனின் குரல் வந்தது.

"தம்பி, மடி வேஷ்டி! தொட்டுடாதீங்கோ. தொட்டா நான் மறுபடியும் நனைச்சாகணும்."

அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். வேட்டி தரையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் எந்தத் துணிக்கும் பக்கத்தில்கூடப் பூவரசன் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மதுசூதன் என்று ஒருவர் கூப்பிட்டார். குறும்படம் எடுப்பவர். பூவரசனின் பாட்டு ஒன்றை யார் மூலமாகவோ கேட்டிருக்கிறார். முழுதாக இல்லை, பல்லவி மட்டும்.

"மெட்டு நல்லாருக்குங்க. படத்துக்கு எடுத்துக்கலாம். ஆனா என்னங்க இது, பாத்ரூம்ல நின்னு பாடின மாதிரி இருக்கு? வீட்லயே எடுங்க, பரவால்ல. ஆனா சுத்தமா வேணும். வரலைன்னா சொல்லிருங்க, வேற ஒருத்தரை வெச்சுப் பாடிக்கிறோம்."

வேற ஒருத்தர்... அந்த வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை. அவன் பாட்டு, அவன் குரலில், ஒரு இருட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஆட்களால் கடைசி வரைக்கும் கேட்கப்பட வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதலில் ஆன்லைனில் ஒரு மைக் வாங்கினான். கண்டென்சர் மைக். ஸ்டாண்டு, முன்னால் மாட்டும் வலை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில், நம்ப முடியாத விலை. புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் செய்யும் தப்புதான். அந்த மைக் அவன் குரலையும் பிடித்தது. கொள்ளிடம் பாலத்தில் போன ரயிலையும் பிடித்தது. எதிர்வீட்டுக் குக்கர் விசில், காகம், வீரராகவனின் இருமல், அறையின் நான்கு மொட்டைச் சுவர்களில் மோதித் திரும்பிய அவனுடைய குரலே இன்னொரு தடவை... எல்லாவற்றையும் பிடித்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பரக்கத் அலி என்பவர் பழைய மைக் செட் சாமான் விற்கிறார். பூவரசன் அங்கே போனான். அவர் கண்டென்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பாம்புக் காது தம்பி. உங்க ரூமுக்கு ஆகாது. இந்தா, இதை எடுத்துக்கங்க. செவிடு. வாயை ஒட்டி வெச்சுப் பாடினாத்தான் இதுக்குக் கேக்கும்."

மேடையில் கிடந்து அடிபட்ட டைனமிக் மைக். தலையில் ஒரு நெளிசல். அதை லேப்டாப்போடு சேர்க்க உள்ளங்கையளவு சிவப்புப் பெட்டி ஒன்று, காதை மூடும் ஹெட்போன். எல்லாம் பழசு. கண்டென்சரை எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழித்துக் கொடுத்தார்.

"எதிரொலி போயிருமாண்ணே?"

"பாதி போகும். மீதி உங்க செவுரு செய்யுற வேலை. கல்யாண மண்டபத்துல காலையில நான் செட்டு கட்டி டெஸ்ட் பண்ணும்போது ஒரே கத்தலா கத்தும். சாயங்காலம் ஆளுக வந்து உக்காந்தா தானா அடங்கிரும். ஆளு உடம்பு சத்தத்தைக் குடிக்கும் தம்பி. உங்க ரூம்ல நூறு பேரை உக்கார வைக்க முடியுமா?" சிரித்தார். "முடியாதுல்ல? துணியைத் தொங்கவிடுங்க. துணி அடைச்ச பீரோ இருந்தா இன்னும் நல்லது. கதவைத் திறந்து வெச்சு, உள்ள பார்த்துப் பாடுங்க."

அந்தப் பையைத்தான் அன்றைக்கு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

பூவரசன் எதையும் முறையாகச் செய்கிறவன். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து, எந்த நேரத்தில் எந்தச் சத்தம் வருகிறது என்று கவனித்தான். பகல் இரண்டரைதான் சுத்தமான நேரம். எதிர்வீடு தூங்கும். வீரராகவன் தூங்குவார். ரயிலும் கொஞ்ச நேரத்துக்கு இல்லை. ஜன்னலைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். டியூப் லைட்டின் சோக் 'உம்ம்ம்' என்று முனகும், அது ரெக்கார்டிங்கில் விழும், அதையும் அணைத்தான். லேப்டாப்பைத் தனக்குப் பின்னால் கட்டில்மேல் வைத்தான். அதன் வெளிச்சம் மட்டும்தான்.

பீரோ முன்னால் நின்றான். கதவைத் திறந்தான்... க்ரீச்.

உள்ளே இருட்டு. ரசகற்பூர உருண்டை வாசனை. அதற்குப் பின்னால் லேசாக ஈரத் தலைமுடி வாசனை, குளித்துவிட்டு இப்போதுதான் துவட்டியதுபோல. மேலேயிருந்து கீழே வரைக்கும் கறுப்பாக ஏதோ அடர்த்தியாகத் தொங்கியது. ஒரு ஓரத்தில், லேப்டாப் வெளிச்சம் பட்ட இடத்தில், அரக்கு நிறத்தில் ஒரு புடவைக் கரை.

எனக்குச் சந்தேகம் இருக்கும் இடம் இதுதான். கரையைப் பார்த்தானா, பார்த்ததாக நினைத்துக்கொண்டானா என்று ஜோதியிடம் இரண்டு தடவை கேட்டேன். பார்த்தான் என்றுதான் சொல்கிறாள்.

வீரராகவனின் மனைவியுடைய மடிப் புடவைகள் என்று பூவரசன் நினைத்தான். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தொடாமல், ஒரு முழம் தள்ளி மைக்கை நிறுத்தினான்.

பாடுவதற்கு முன்னால் ஒரு தடவை கை தட்டிப் பார்க்க வேண்டும். எதிரொலி எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். அறையின் நடுவில் நின்று தட்டினால் 'ட்டிங்...ங்' என்று சுவரெல்லாம் அதிரும். பீரோவுக்கு நேராகத் தட்டினான்.

டப்.

தலையணையில் தட்டியதுபோல. சத்தம் போனது, திரும்பவில்லை.

பாடினான். ஹெட்போனில் கேட்டபோது தன் குரல் என்றே நம்ப முடியவில்லை. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு மெத்தென்று... யாரோ ஒருவர் காதில் மட்டும் பாடியதுபோல இருந்தது.

தினமும் அந்த நேரத்துக்குப் பாடினான். ஒருநாள் பல்லவி, ஒருநாள் சரணம், பிடிக்காவிட்டால் மறுபடி. வியர்வை கண்ணில் இறங்கும். துடைக்க மாட்டான், சட்டை உரசினால் மைக்கில் விழும். பாடி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான், கடைசி ஸ்வரம் முழுதாக அடங்கட்டும் என்று. அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்குப் பிடிக்க ஆரம்பித்தது. மணப்பாறையில், ஆபீசில், பஸ்ஸில், எங்கேயும் கிடைக்காத ஏதோ ஒன்று அதில் இருந்தது. பீரோவைச் சாத்தும்போது, யாரிடம் சொல்கிறோம் என்ற யோசனையே இல்லாமல், "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சாத்துவான்.

இன்னொன்றையும் கவனித்தான். நாளாக ஆக, கை தட்டும் சத்தம் இன்னும் சீக்கிரமாக அடங்கியது. துணி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வருவதுபோல. மைக் நகரவில்லை. தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தான்.

பாட்டை அனுப்பினான். மதுசூதன் அன்றைக்கே கூப்பிட்டார்.

"யோவ், எந்த ஸ்டுடியோய்யா இது?"

"ரூம்லதாங்க."

"புளுகாதீங்க. சரி, ஒரே ஒரு திருத்தம். கடைசிச் சரணத்துல வரியை மாத்திருக்கோம், அதை மட்டும் இன்னொரு தடவை பாடணும். இதே சவுண்டு வேணும், ஒட்டுப்போட்டது தெரியக்கூடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துருங்க. அதுக்கப்புறம் பேரு போடுற வேலைதான். பாடியவர் பூவரசன்!"

சனிக்கிழமை காலையில் வீரராகவன் படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"நாளைக்கு நாலு மணிக்கு ஆள் வரா தம்பி. இந்தப் பீரோவை எடுத்துண்டு போயிடுவா. ஜாஹ்னவி நச்சரிச்சிண்டே இருக்கா, காலியா நிக்கறதுக்கு வித்துடுங்கோன்னு."

பூவரசனுக்கு முதலில் புரியவில்லை. "அதுல இருக்குற புடவையெல்லாம் என்ன பண்ணுவீங்க சார்?"

"புடவையா?"

வீரராகவன் டியூப் லைட்டைப் போட்டார். அது இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டி எரிந்தது. பீரோவை விரியத் திறந்தார்.

சாம்பல் நிறப் பெயின்ட். துருப்பிடித்த கம்பி ஒன்று, அதில் ஒரு ஹேங்கர். அடியில் விரித்த பழைய பேப்பர். வேறு எதுவும் இல்லை.

"அவ தவறின வருஷமே எல்லாத்தையும் குடுத்தாச்சு. ஆறு வருஷமா காலிதான்." அவர் பூவரசனின் முகத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி? ஏதாவது வெச்சிருந்தேளா?"

"இல்ல சார்."

அவர் கீழே இறங்கிப் போகும்வரை காத்திருந்தான். பீரோவுக்கு நேராக நின்று கை தட்டினான்.

ட்டண்...ங்ங்ங்.

காலித் தகர டின்னுக்குள் கல்லைப் போட்டதுபோல. ஹேங்கர்கூட ஆடியது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய ரெக்கார்டிங் ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டான். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவன் கை தட்டியது பதிவாகியிருந்தது. டப். டப். டப். அவற்றில் வேறு குரல் இல்லை, முனகல் இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. எத்தனையோ தடவை தேடிவிட்டான். எதுவும் இல்லை. எதிரொலியும் இல்லை.

அவனுக்குப் பரக்கத் அலி சிரித்தது ஞாபகம் வந்தது. ஆளு உடம்பு சத்தத்தைக் குடிக்கும் தம்பி.

ஒரு முழத் தூரத்தில்... தினமும்... முகத்துக்கு நேராக.

அன்று ராத்திரி ஆபீஸ் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தே தீரும் இல்லையா? சரணம் பாடியாக வேண்டும். நாலு மணிக்குப் பீரோ போய்விடும். பாடாவிட்டால் வேறு ஒருத்தர்.

பகல் இரண்டரை. ஜன்னலைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். லைட்டை அணைக்கத்தான் கை வரவில்லை. சோக் முனகியது. அணைத்தான்.

பீரோவை முழுதாகத் திறந்தான். லேப்டாப் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. அவன் நிழல் பீரோவுக்குள் விழுந்து, சாம்பல் பெயின்ட் மேல் தெளிவாகத் தெரிந்தது. துருக் கம்பி, ஹேங்கர், பேப்பர். கரை இல்லை. வாசனை இல்லை. கை தட்டினான்.

ட்டண்...ங்ங்.

காலி. மூச்சு விட்டான். பயம் போய்விட்டது. ஜோதியிடம் அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: பயம் போன இடத்தில் நிம்மதி வரவில்லை, அழுகை வந்தது. ஊருக்குப் போகும்போது வழியனுப்ப வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டால், பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போமே... அந்த மாதிரி இருந்ததாம்.

ஆனாலும் பாடிப் பார்த்தான். தகரம் அடித்தது. உதவாது. நிறுத்தினான். யாருக்கென்று தெரியாமல் மெதுவாக, "இன்னைக்கு ஒரு சரணம்தான். இதோட முடிஞ்சிரும்" என்றான்.

தண்ணீர்க் குழாய்கூடச் சொட்டவில்லை.

பழக்கதோஷத்தில் மறுபடி கை தட்டினான்.

டப்.

கண்ணெதிரே பீரோ காலி. கம்பி தெரிகிறது. ஹேங்கர் தெரிகிறது... இல்லை, தெரிந்துகொண்டிருந்தது. இப்போது தெரியவில்லை. உள்ளே விழுந்திருந்த அவன் நிழலையும் காணோம். வெளிச்சம் போய்விட்டது. லேப்டாப் ஸ்கிரீன் அணைந்திருக்கும் என்று நினைத்தான். ரெக்கார்டிங் ஓடும்போது அது அணையாது, அணையாதபடி அவன்தான் மாற்றி வைத்திருந்தான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பின்கழுத்தில் ஈரத் தலைமுடி வாசனை.

அவன் திரும்பவில்லை. சரணத்தைப் பாடினான். முதல் வரியில் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் படத்துக்குப் பொருத்தமாக இருந்தது என்று மதுசூதன் பிற்பாடு சொன்னார். பாடி முடித்து, கடைசி ஸ்வரம் அடங்கும்வரை வழக்கம்போல அசையாமல் நின்றான். பின்னால் யாரோ விலகியதுபோல முன்னால் மங்கலாக வெளிச்சம் வந்தது. சாம்பல் பெயின்ட் தெரிந்தது. கம்பி, ஹேங்கர். அதன்மேல் அவனுடைய நிழல்.

நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பீரோவைப் படியில் இறக்கிக் குட்டி யானை வண்டியில் ஏற்றிப் போனார்கள். படத்தை ஒரு கல்லூரி ஹாலில் போட்டார்கள். அவன் பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டார்கள். பூவரசன் பின்வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கவில்லையாம், பக்கத்து நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்த மாதமே ஸ்ரீரங்கம் அறையைக் காலி செய்துவிட்டான்.

உறையூரில் புது அறை. சாமான் ஏற்றி இறக்கக் கூடமாட உதவிக்கு ஜோதி போயிருந்தாள். புதுக் கட்டடம், வெள்ளை டைல்ஸ், ஒரு ஆணிகூட அடிக்காத சுவர்கள். ஜன்னல் சாத்தியிருந்தது, உள்ளே இருட்டு. அவள்தான் முதலில் ஏறிப் போனாள். அண்ணன் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் பழக்கம், அறை நடுவில் நின்று ஒரு தட்டு தட்டினாள். ட்டிங்...ங்ங். அறை முழுக்க அதிர்ந்தது.

"அண்ணே, சரியான எதிரொலிண்ணே! இங்க எப்படிப் பாடுவ?"

படியில் காலடிச் சத்தம். பூவரசன் மேலே வந்தான். கையில் அந்தத் துணிப்பை, வேறு சாமான் எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி தாண்டி, ஓரமாக ஒதுங்கி நின்றான். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல.

"கேளுண்ணே" என்று ஜோதி மறுபடி தட்டினாள்.

டப்.

அவள் கை சுவரைத் தடவி லைட் ஸ்விட்சைத் தேடியது.

"லைட்டப் போடாத பாப்பா" என்றான் பூவரசன்.